வரைபடத்தில் வற்றிய குளம்

"குளத்து மேலேயே ரோடு போடப் போறாங்களாம்மா. கேட்டா, அங்க குளமே இல்லைங்கிறாங்க!"

வடிவம்மா உளுந்துப் பொட்டலத்தை ஞானேஸ்வரியின் மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். பச்சை மாங்காய்க் கரை போட்ட மஞ்சள் சேலைத் துண்டில் முடிந்த பொட்டலம். அக்கராயன் பக்கம் பாலையடிக்குளத்துக்குக் கீழே அவளுக்கு ஒரு துண்டு வயல். கிணறு கிடையாது. அந்தக் குளம் போனால் அவள் வீட்டு உலையும் போயிற்று.

ஞானேஸ்வரி நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தச் சிக்கலும் கடைசியில் அவரிடம்தான் வரும். வந்தால், பக்கத்தில் போன் திருத்தும் நிரோஜன் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்துவிடுவான்.

நெடுஞ்சாலைக்கான சுற்றாடல் ஆய்வறிக்கையை அவன் போனில் திறந்தான். வரைபடத்தில் குளம் இருந்த இடத்துக்கு 'வயல்' என்று பெயர். ட்ரோன் எடுத்த படத்தில் காய்ந்த தரை, நடுவில் பச்சைப் பயிர், மாடு வராமல் துணி கட்டிய வேலி.

"கள்ளர்! வேணுமெண்டே அழிச்சுப்போட்டாங்கள்." நிரோஜனுக்குக் கோபம் தலைக்கேறியது.

ஞானேஸ்வரி படத்தைப் பெரிதாக்கி வேலியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "அந்த ஆய்வு செய்த பெடியனைக் குளத்தடிக்கு வரச்சொல்லு" என்றார்.

மாரி மழையில் குளம் நிரம்பி, கரையின் அலைகட்டில் முட்டி நின்றது. டப்லெட்டோடு வந்த, ஆய்வு செய்த சாருஜனுக்குத் தண்ணீரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"ட்ரோன் பறந்தது ஆவணியில அக்கா. அப்ப இதில சொட்டுத் தண்ணி இல்லை. பழைய குளப் பட்டியலிலயும் இந்தச் சின்னக் குளம் இல்லை. அப்பிடியிருந்தும் விசாரிச்சனான். முகத்தைத் துணியால மூடிக்கொண்டு களை பிடுங்கின ஒராள், வயல் எண்டு சொன்னவ. அதைத்தான் பதிஞ்சன்."

"புளுகாதை!" என்று பாய்ந்தான் நிரோஜன்.

"பொறு நிரோஜன்" என்றார் ஞானேஸ்வரி. "தம்பி உண்மைதான் சொல்லுறார். ஆவணி வெயில்ல, கிணறில்லாத ஆளுக்கு உளுந்து எங்க விளையும்? ஈரம் கிடக்கிறது வத்தின குளத்தின்ர அடியில மட்டும்தான். படத்தில வேலியில கட்டியிருக்கிற சேலையைப் பார். மஞ்சள், பச்சை மாங்காய்க் கரை. அதின்ர மற்றத் துண்டு உளுந்தோட என்ர மேசையில கிடக்குது."

நிரோஜன் வடிவம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஐயோ, ஏன் பார்த்தோம் என்று இருந்தது அவனுக்கு.

"குளத்துக்குள்ள விதைக்கிறது குத்தம்னு முன்னமே மிரட்டியிருக்காங்கம்மா. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாத சனங்க நாங்க. மிசினோட ஒருத்தர் வந்து 'இது என்ன'ன்னு கேட்டதும், பிடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு பயந்துட்டேன். 'எங்க வயலுங்க'ன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு சொல்லா என் குளத்த மூடப் போகுது?"

ஞானேஸ்வரி அவள் தோளில் கை வைத்தார்.

"அப்ப திருத்துவம்! சொன்ன ஆளே இப்ப அது வயல் இல்லையெண்டு சொல்லுறாதானே?" என்றான் நிரோஜன்.

சாருஜன் இல்லையென்று தலையை ஆட்டினான். "பதிவில பேர் இல்லை அண்ணை. ஆர் சொன்னதெண்டு காட்டேலாது. ஆட்சேபம் சொல்லுற காலமும் முடிஞ்சு, பதிவைப் பூட்டிப்போட்டினம். என்னாலயும் திறக்கேலாது. மேலிடத்துக்கு எழுதிப் போடுறன். ஆனா ஆர் பாக்கப் போகினம்?"

எதற்கும் ஒரு வழி சொல்கிற ஞானேஸ்வரியக்கா டப்லெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குற்றவாளி என்று ஒருவர் இருந்திருந்தால் நிரோஜன் நன்றாகத் திட்டியாவது இருப்பான்.

வடிவம்மா சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் குளத்துக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பினாள்.

"இப்ப எடுங்க தம்பி படம்."

சாருஜன் எடுத்தான். படம் தெளிவாக விழுந்தது. சுற்றிவரத் தண்ணீர், நடுவில் நடுங்கிக்கொண்டு அவள்.

படத்தின் அடியில் டப்லெட் தானாகவே இடத்தின் பெயரைப் போட்டது: வயல்.

"சரியா விழுந்துச்சா தம்பி?" என்று தண்ணீருக்குள் இருந்து கேட்டாள் வடிவம்மா.