கசிவுத் தடம்

சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு எப்போதும் முதலில் வருபவன் நான்தான். ராயபுரத்தில் மூடிக்கிடக்கும் ஐஸ் பேக்டரியின் மாடியறைதான் எங்கள் இடம். ஸ்டூலை நடுவில் இழுத்துப்போட்டு அதன்மேல் கைப்பலகையைச் சாய்த்து வைப்பேன். கைப்பலகை என்பது கடைப் பெயர். எங்கள் வாயில் அது டேப்லெட்தான். வைத்தவுடன் தானாகப் பதிவு தொடங்கிவிடும். அதை நிறுத்தும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

முபாரக் கிடாருடன் வந்தான். பின்னாலேயே ஜோவிதா பிளாஸ்கில் வெந்நீருடன் வந்து மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். நான் பேஸ் கிடாரின் ஒயரைச் செருகினேன். மூவரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டோம். திரையில் ஆளுக்கு ஒன்றாக நான்கு தடங்கள். மூன்று பச்சை, ஒன்று சாம்பல். 'நான்காம் தடத்தை நிரப்பட்டுமா?' என்று டேப்லெட் கேட்டது. 'சரி' என்பதைத் தொட்டேன். காதுக்குள் டிரம்ஸ் எழுந்தது.

இதற்குப் பெயர் நிரப்பி. ஒருவர் வராவிட்டால், அவருடைய பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு அவருக்குப் பதிலாக வாசிக்கும். முபாரக்குக்கு டெங்கு வந்தபோது அவன் கிடாரை அதுதான் வாசித்தது. நான் வெளியூர் போனபோதெல்லாம் நானில்லாமலே நான் வாசித்தேன். எங்களைப் போன்ற பாண்டுகளில் மட்டுமல்ல, அலுவலகக் கூட்டங்களிலும் பள்ளி வகுப்புகளிலும் இப்படித்தான். ஆள் வரவில்லை என்று இந்த ஊரில் எதுவும் நின்று பல வருடங்கள் ஆகின்றன.

எங்கள் டிரம்ஸ்காரன் ரெஜி. ஜோவிதாவின் கணவன். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. வெள்ளிக்கிழமை அடக்கம். மறுநாள் சனி. வழக்கம்போல வந்து உட்கார்ந்தோம், டேப்லெட் கேட்டது, நான் சரி என்றேன், ரெஜி வாசித்தான். ஜோவிதா அழவில்லை. முபாரக்கும் நானும் அழவில்லை. வாரம் தவறாமல் அவன் வாசித்துக்கொண்டிருக்க, யாரை நினைத்து அழுவது? எனக்குள் ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் சில நாட்களில் பயமாக இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மூவரும் தாமதமாக நுழைந்தோம். டிரம்ஸ் கச்சிதமாக இருந்தது. நாங்கள்தான் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி பின்னால் ஓடினோம். இன்றும் அதேதான்.

"இன்னாடா இது, நாலு மாசமா இதே எடத்துல வழுக்குறோம்," என்றான் முபாரக்.

"அந்த 'ட்ச்' இல்ல," என்றாள் ஜோவிதா.

"எந்த 'ட்ச்'?"

"அவரு நாக்கத் தட்டுவாரு. பல்லவிக்கு முன்னாடி. நாம அதப் பிடிச்சுதான உள்ள வருவோம்."

சொன்ன பிறகுதான் எனக்கும் காதில் கேட்டது. இத்தனை வருடமும் அந்த 'ட்ச்' எங்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கிறது. எங்களுக்குத் தெரியவே இல்லை.

"ஏன் தர்ஷா, அத ஏன் இது வாசிக்கல?" என்று என்னைக் கேட்டாள்.

"அது கசிவு, ஜோ. டிரம்ஸ் மைக்ல டிரம்ஸ் மட்டுந்தான் இருக்கணும். வேற எது விழுந்தாலும் வழிச்சு எடுத்துடும். அதனால நிரப்பிக்கு அது தெரியாது."

"வழிச்சு எங்க போடும்?"

அதை நான் யோசித்ததே இல்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினேன். அடியில் கிடந்தது, கசிவுத் தடம். மின்விசிறி, இருமல், நாற்காலி முனகல், வாசிப்புக்கு நடுவே நாங்கள் பேசிய பேச்சு, எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன. அதற்கு ஒதுக்கிய இடம் குறைவு. நிரம்பிவிட்டால் இருப்பதில் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். ரெஜி இறந்த பிறகு நாங்கள் விடாமல் செய்த பயிற்சியெல்லாம் அவன்மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவனுடைய கடைசிப் பயிற்சியின் கடைசிக் கொஞ்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

"போடு," என்றாள்.

நாங்கள் மூவரும் கேட்டோம். முதலில் மின்விசிறி. பிறகு 'ட்ச்'. முபாரக்கின் கை தானாகக் கம்பிக்குப் போய் நின்றது. அப்புறம் ரெஜியின் குரல், மூச்சு வாங்கியபடி: "ஜோ, அந்தத் தண்ணி ஆறிப்போச்சு. இரு, வேற ஊத்தித் தர்றேன்." பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம். அவ்வளவுதான்.

ஜோவிதா அழுதாள். முதலில் சத்தமே வரவில்லை, பிறகு மைக்கின் மேலேயே கவிழ்ந்து, வாயைப் பொத்தாமல் அழுதாள். முபாரக் கிடாரை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் அழுகை வந்தது. வந்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவ போடு. அப்படியே என் போன்ல ஏத்திக் குடுத்துடு."

போட்டேன். மின்விசிறி கேட்டது. பிறகு அழுகை. 'ட்ச்' இல்லை, தண்ணீர் இல்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன். அழுகைதான். அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பழையதைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பதிவதுதானே அதன் வேலை. அவள் மைக்கில் விழுந்தது பாட்டு இல்லை. அதனால் கசிவு என்று வழித்தெடுத்து, இருந்ததில் பழையதன்மேல் எழுதிவிட்டது.

"நிறுத்தியிருக்கணும்," என்றேன். "எனக்குத் தோணல, ஜோ."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் தன் அழுகையை முழுவதும் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளாஸ்கைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றினாள். ஆறிப்போயிருந்தது போல, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லவியிலேர்ந்து போவோம்," என்றாள்.

முபாரக் கிடாரை எடுத்தான். டேப்லெட் கேட்டது: 'நான்காம் தடத்தை நிரப்பட்டுமா?' என் விரல் பழக்கத்தில் நீண்டது. ஜோவிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். அவரு வரல."

டிரம்ஸ் இல்லாமல் தொடங்கினோம். பல்லவிக்கு மூவருமே தாமதமாகத்தான் நுழைந்தோம். நான்காம் தடத்தில் கோடு அசையாமல் கடைசிவரை ஓடியது.