படையலின் மிச்சம்

நண்டின் கால்கள் உடைந்திருந்தன.

கஜந்தினியின் முப்பத்தோராம் நாள் அது. படுக்கையறையில் அவளுடைய படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, சோறும் நண்டுக் கறியும் அவளுக்குப் பிடித்த மற்றவையும் படைத்து, காகத்துக்கென்று ஜன்னலைச் சற்றே திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே சாலோனில், வரவேற்பறையில், இருந்தார்கள். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் தட்டி, போக வேண்டியவருக்குப் போக அவகாசம் கொடுத்து, பிறகுதான் திறக்க வேண்டும். புருஷன்காரன் முதலில் போகட்டும் என்றார்கள். மதுஷன் தட்டிவிட்டு உள்ளே போனான்.

சோறு ஒரு பக்கம் குழிந்திருந்தது. நண்டுக் கால்கள் பிளக்கப்பட்டு, சதை உறிஞ்சப்பட்டு, வெற்று ஓடுகள் இலையின் விளிம்பில் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தொட்டுப் பார்த்தான். ஈரம். குழம்பின் ஈரம் அல்ல. விரலை எடுத்தபோது நூலாக இழுபட்டது.

கஜந்தினி அப்படித்தான் சாப்பிடுவாள். கடைவாயில் வைத்து உடைப்பாள், உறிஞ்சுவாள், ஓடுகளைத் தட்டின் விளிம்பில் அடுக்குவாள். கடைசியில் மிச்சச் சோற்றைக் குழம்போடு குழைத்து உருட்டி அவனுடைய கையில் வைப்பாள்.

ஓடுகளை அள்ளிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சோற்றைத் தட்டிச் சமப்படுத்தினான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். படையலின் மிச்சத்தை வீட்டுக்காரன் சாப்பிட வேண்டும் என்பது முறை. சாப்பிட்டான். சோற்றின் அடியில் ஒரு புளிப்பு இருந்தது.

எல்லோரும் போன பிறகு கஜந்தினியின் அக்கா சுஜானி கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நகருக்கு வெளியே, லா கூர்னெவுக்கு ரயில் பிடித்துப் போக வேண்டும்.

"மதுஷன், இண்டையோட சரி. இனி ஒண்டும் படைக்காதை."

"ஏன் அக்கா?"

"முப்பத்தொண்டு மட்டுந்தான் எங்கட ஆக்கள் வருவினம். அதுக்குப் பிறகும் சோறு வைச்சா, ஆர் வரும் எண்டு சொல்லேலாது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவளின்ரை சாறியளைப் பிறகு வந்து எடுக்கிறன். நீ வடிவாச் சாப்பிடு."

ஓம் என்றான்.

ஆனால் கஜந்தினி பசியோடு போனவள். குடலில் கட்டி. ஆஸ்பத்திரியில் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். தண்ணீரைக்கூடப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்கள். கடைசி வாரம் பொழுது போகாமல் நகப்பூச்சு கேட்டாள். கபில நிறத்தில் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பூசினாள். மற்ற விரல்களுக்குத் தெம்பு இல்லை. "வீட்டை போய் முதல்ல நண்டு திண்ண வேணும்" என்றாள். அதுதான் அவள் விளங்கும்படி சொன்ன கடைசி வசனம்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மதுஷன் நண்டு வாங்கினான். அதற்கு மறுநாளும்.

குளிர்காலம் தொடங்கியிருந்தது. காப்புறுதி நிறுவனத்தின் அலுவலகத்தில் நாள் முழுக்க அந்நியர்களின் விபத்துகளுக்குப் பதில் எழுதிவிட்டு, மெத்ரோ ரயிலில் வந்து லா சப்பலில் இறங்கும்போதே இருட்டியிருக்கும். கடைசி மாடியான ஐந்தாம் மாடி வரை படியேறி, சமைத்து, அறைக்குள் தட்டை வைத்து, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு விளக்கில்லாத சாலோனில் இருப்பான். பாலத்தின் மேலே மெத்ரோ போகும்போது கோப்பைகள் கிணுகிணுக்கும், சுவருக்குள் யாருடைய தண்ணீரோ இறங்கும், கீழ் வீட்டில் யாரோ வெங்காயம் வதக்குவார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், தகரக் கூரையின் மேல் கனமான ஏதோ ஒன்று காலை மெதுமெதுவாக வைத்து வருவதும், ஜன்னல் கீல் ஒருமுறை முனகுவதும், மூக்கால் விடுகிற மூச்சும், பிறகு ஓடு உடைகிற சத்தமும் கேட்கும்.

அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் சாப்பிடட்டும் என்று இருந்தான். சத்தம் அடங்கியதும் தட்டிவிட்டு உள்ளே போவான். ஓடுகள் வரிசையாக இருக்கும். மிச்சத்தைச் சாப்பிடுவான்.

மிச்சம் நாளுக்கு நாள் மோசமாகியது. முதலில் புளிப்பு மட்டுந்தான். பிறகு சோறு கொழகொழத்து, கட்டிகட்டியாக, ஏற்கெனவே ஒரு வாய்க்குள் போய்த் திரும்பி வந்ததைப் போல இருந்தது. ஒருநாள் நாக்கில் ஏதோ சுருண்டது. இழுத்தான். மயிர். கட்டையானது, மொரமொரப்பானது, அடியில் சாம்பலும் நுனியில் மஞ்சளுமாக. கஜந்தினியின் முடி கறுப்பு. மயிரைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த வாயை எடுத்தான்.

அறையில் நாற்றம் பிடித்தது. நனைந்த சாக்கும், மூத்திரமும், கன்றிப்போன பழமும் சேர்ந்த நாற்றம். அது சாலோனுக்கு வந்தது, அவனுடைய கம்பளிச் சட்டைக்குள் போனது, அலுவலகத்துக்கும் கூடவே வந்தது. பக்கத்து மேசைப் பெண் தன் கதிரையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டாள். ஒரு மாலை கட்டிலின் நடுவே, கஜந்தினி படுக்கிற பக்கத்தில், கரும்பச்சையாக ஒரு குவியல் கிடந்தது. அதில் நண்டு ஓட்டின் துணுக்குகள் மினுங்கின. வெறுங்கையால் அள்ளினான். இளஞ்சூடாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு அவளுக்குச் சோறு வைத்தான்.

வருவது அவளாக இருந்தால் அவன் அருவருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இதைவிட மோசமானதையும் துடைத்தவன்தானே. அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அது ஒன்றுதான்: வருவது அவளாக இருக்க வேண்டும். பசியாற வேண்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, குப்பையோடு இறங்கும்போது, கட்டட வாசல் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தான். மழையில் வெளுத்து, ஒரு மூலை கிழிந்திருந்தது. தினமும் குனிந்த தலையோடு அதைக் கடந்து போயிருக்கிறான். நகருக்கு வடக்கே இருக்கும் ஒரு தனியார் மிருகக்காட்சிச்சாலையில் புயலுக்கு மரம் விழுந்து வேலி சாய்ந்ததாம். பபூன் குரங்குகள் தப்பிவிட்டனவாம். ரயில் பாதையோரமாக நகருக்குள் வரலாம், கிட்டப் போக வேண்டாம், சாப்பாடு கொடுக்க வேண்டாம், ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்று இருந்தது. கீழே படம். நாயின் நீண்ட முகம். சாம்பல் மயிர், நுனியில் மஞ்சள். மனிதக் கை.

உள்முற்றத்துக்கு ஓடிப்போய்க் குப்பைத் தொட்டிகளுக்கிடையில் வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் நிற்கவில்லை. அந்த நாக்கு. அந்த எச்சில். அதைக் குழைத்து, உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அவளுடையது என்று விழுங்கியிருக்கிறான். வாயைத் துடைத்துத் துடைத்து உதடு எரிந்தது. அதற்கும் அடியில், வெட்கப்படும்படியாக, ஒரு நிம்மதி. குரங்கு. வெறும் குரங்கு.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குள் போனான். நேற்று மிஞ்சிய சோற்றையும் ஓடுகளையும் காலைச் சமையல் குப்பையோடு கறுப்புப் பையில் கொட்டி, அறையின் மூலையில் வைத்தான். ஜன்னலை இறுக்கிச் சாத்திப் பிடியைத் திருப்பினான். தரையையும் கட்டில் சட்டத்தையும் ஜாவேல் என்கிற வெளுப்புத் திரவம் ஊற்றித் தேய்த்தான். கண் எரிந்தது. நல்ல எரிவு. சுத்தமான எரிவு.

அலுமாரிக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. திறந்தான். கஜந்தினியின் சேலைகள் எல்லாம் கொக்கிகளிலிருந்து இழுக்கப்பட்டு, கல்யாணக் கூறைச் சேலையும்கூட, அடித்தட்டில் வட்டமாகச் சுற்றப்பட்டிருந்தன. பட்டெல்லாம் எண்ணெய் ஊறி மயிர் அப்பிப்போயிருந்தது. நடுவில் குழி. ஒருவர் சுருண்டு படுக்கிற அளவு.

கையை வைத்துப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

அவன் மாடியேறி வந்த சத்தத்துக்கு ஓடியிருக்கும் என்று நினைத்தான். ஜன்னலை அப்போதே சாத்தியது நல்லதாகப் போயிற்று. ஜாவேல் முடிந்துவிட்டது. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு இறங்கினான்.

கட்டடத்தின் கீழே இருந்த வாமதேவன் அண்ணையின் கடையில் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவர் இறைச்சிப் பலகையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, ஜாவேல் ஒண்டு தாங்கோ. பெரிய குப்பைப் பையும்."

"என்னடாப்பா, ஆரையும் வெட்டிப்போட்டு வீடு கழுவுறியோ? சும்மா சொல்லக்கூடாது, மணமும் அப்பிடித்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு, என்ர ஆட்டிறைச்சி பழுதாப்போடும்."

"குரங்கண்ணை. உந்த மிருகக்காட்சிச்சாலைக் குரங்கு. என்ர வீட்டுக்குள்ள வந்து போகுது."

"எது, வாசலுகள்ல படம் ஒட்டினாங்களே, அதோ?" வாமதேவன் சிரித்தார். "அதுகளும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். முதல் ஸ்தேன்ல நிண்டதுகள். பிறகு லா கூர்னெவுக்கு மாறினதுகள். இனி லா சப்பலுக்கு வந்து கடை திறக்கிறதுதான் மிச்சம், பப்பியே, விசாக் கடுதாசிதான் இல்லையெண்டு பகிடி விட்டனாங்கள்."

"வந்திட்டுதண்ணை. நான் பகிடி விடேல்லை."

"எப்பிடி வாறது? எல்லாத்தையும் ஊசி அடிச்சுப் பிடிச்சுப்போட்டாங்கள். ஒண்டே ஒண்டுதான் அகப்படேல்லை. அதுவும் லா கூர்னெவ்ல தண்டவாளத்தில அடிபட்டுச் செத்துப்போச்சு. உனக்குத் தெரியுந்தானே?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

வாமதேவன் சுரண்டுவதை நிறுத்தினார். குரல் தாழ்ந்தது. "உன்ர மனுசியின்ர செத்தவீட்டண்டுதான், தம்பி. அதாலதானே றெயின் எல்லாத்தையும் நிப்பாட்டினவங்கள். கூர்னெவ் சனம் முழுக்கப் பிந்தித்தான் வந்தது. சுஜானியும் பெட்டி மூடுற நேரந்தான் ஓடி வந்தவ. குழறினாவே, முகம் பாக்க விடேல்லையெண்டு. மறந்துபோனியே?"

மதுஷனுக்குச் சுஜானி குழறியது நினைவிருந்தது. காரணம் நினைவில்லை. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது எதுவுமே அவனுக்குள் இறங்கியிருக்கவில்லை.

"அப்ப இது ஆரண்ணை?" என்றான்.

"பூனையா இருக்கும்" என்றார் வாமதேவன். ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இண்டைக்கு இஞ்சை கீழ என்னோட சாப்பிடன்?"

"இல்லை அண்ணை. வீட்டை போறன்."

வெளியே இருட்டியிருந்தது. படிக்கட்டு விளக்கு இரண்டாம் மாடியில் அணைந்தது. பொத்தானை அழுத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நாற்றம் அவனுக்கு முன்னால் ஏறியது. ஜாவேலின் எரிவு இல்லை. நனைந்த சாக்கு. மூத்திரம். பழம்.

ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வந்தான். பிடியைத் திருப்பிவிட்டுத்தான்.

வீட்டைத் திறந்தான். சாலோன் இருட்டு. தெருவிளக்கின் மஞ்சள் மட்டும் தரையில் விழுந்திருந்தது. அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

அதன் முன்னால் ஒரு தட்டு இருந்தது.

கஜந்தினியின் தட்டு. அவன் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனது. இப்போது அதில் சோறு. கறுப்புப் பைக்குள் கொட்டிய நேற்றைய சோறு. முட்டைக் கோதும் தேயிலைச் சக்கையும் ஒட்டியபடி. நன்றாகக் குழைக்கப்பட்டிருந்தது. உருட்டப்பட்டிருந்தது. ஒரு கைக்குள் அடங்குகிற உருண்டைகள். மேலே எச்சில் மினுங்கியது. விளிம்பைச் சுற்றி ஓடுகள். சின்னதிலிருந்து பெரிதாக.

அறைக் கதவு மெல்ல அதிர்ந்தது. மறுபக்கத்தில் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.

அவன் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் மறுபுறம். அதே உயரம்.

மூக்கால் விடுகிற மூச்சு. காத்திருக்கிற மூச்சு.

ஓடலாம். வாசல் அவனுக்குப் பின்னால் திறந்துதான் கிடந்தது. கீழே கடையில் வெளிச்சம் இருந்தது, ஆள் இருந்தது. ஆனால் அவனுக்குச் சோறு வைத்துவிட்டு, பார்க்காமல், அவன் பசியாறட்டும் என்று ஒருவர் காத்திருக்கிறார்.

உட்கார்ந்தான்.

ஓர் உருண்டையை எடுத்தான். இளஞ்சூடு. மயிர் விரலில் ஒட்டியது. வாய்க்குள் வைத்தான். முட்டைக் கோது பல்லில் நெரிந்தது. விழுங்கினான். இன்னொன்று. கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. இன்னொன்று.

தட்டு வெறுமையானது.

கதவின் மறுபக்கத்தில் யாரோ எழுந்தார்கள். பாலத்தில் மெத்ரோ போயிற்று. சமையலறையில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

பிறகு, உள்ளேயிருந்து, கதவில் தட்டும் சத்தம்.

மெதுவாக. மரியாதையாக. போக வேண்டியவருக்குப் போக அவகாசம் கொடுத்து.

அவன் போகவில்லை.

கைப்பிடி தாழ்ந்தது. கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து விரல்கள் வந்து கதவின் ஓரத்தைப் பற்றின. நீண்ட, தோல் தடித்த, கறுத்த விரல்கள். முட்டிவரை சாம்பல் மயிர், நுனியில் மஞ்சள். வலது கை. பெருவிரலிலும், சுட்டுவிரலிலும், நடுவிரலிலும் மட்டும், நகங்களின் பாதிவரை, கபில நிறப் பூச்சு.