மீதி மூன்று

பத்மஜா நீச்சல் கட்டடத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றுதான். மழை இருட்டுக்காக விளக்குகளைப் போட்டிருந்தார்கள். குளோரின் நெடி மூக்கில் ஏறியது. தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் யார் பேசுவதும் சரியாகக் காதில் விழவில்லை.

நீச்சல் பயிற்சியாளர் ஞானையன் சார் அவளிடம் சொன்னது மட்டும் தெளிவாக விழுந்தது.

"கொச்சிப் போட்டியிலே எண்ணூறு மீட்டருக்கு ஸ்மிதாதான், மக்களே. நீ எண்ணினா மதி, அது போதும். உன்னை மாதிரி எண்ண வேற ஆளு இல்லை, கேட்டியா?"

இரண்டு வருஷமாக இதே பேச்சு. அந்த இன்டர்நேஷனல் பள்ளியில் ரோபோ கிளப், குதிரைச் சவாரி என்று எத்தனையோ இருந்தும் பத்மஜா பிடித்துக்கொண்டது நீச்சல் ஒன்றைத்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. அணியில் பெயர் உண்டு, தண்ணீரில் இடம் இல்லை.

எண்ணூறு மீட்டர் என்றால் அந்தக் குளத்தை முப்பத்திரண்டு முறை கடக்க வேண்டும். நீந்துகிறவளுக்குக் கணக்குத் தப்பும். அதனால் எதிர்க்கரையில் ஒருத்தி முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் அங்கே வந்து திரும்பும்போதெல்லாம் இன்னும் எத்தனை மீதி என்று எண் பலகையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காட்டுவாள். முப்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்தேழு என்று இரண்டிரண்டாகக் குறைந்து ஒன்றில் முடியும். அந்த ஒருத்தி எப்போதும் பத்மஜா.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதேடி," என்றாள் ஸ்மிதா, துண்டால் தலையைத் துவட்டியபடி. "நீ காட்டலைன்னா நான் நீந்திண்டே கொச்சிக்குப் போயிடுவேன்."

சிரித்துக்கொண்டே அவள் உடை மாற்றப் போனாள். சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பத்மஜா யாருமில்லாத ஆறாம் லேனின் முனையில் போய் முழங்காலிட்டாள். பலகையை முப்பத்தொன்றுக்குப் புரட்டி, ஆத்திரம் தீரத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.

"வா. உனக்கும் நானே எண்றேன்."

எதிர்ப்பக்கம் தண்ணீர் மெல்ல மேடிட்டது.

அந்த மேடு ஆறாம் லேனில் மட்டும் நகர்ந்து வந்தது. அவள் விரல்களுக்குக் கீழே சுவரைத் தொட்டது. திரும்பிப் போனது.

பம்பு ஓடுகிறது போல என்று நினைத்தாள். அது மறுபடி வந்தபோது, பழகிய கை தானாக இருபத்தொன்பதைக் காட்டியது. பிறகு இருபத்தேழு. நீச்சலின் நடுவில் எண்ணுகிறவள் எழுந்துபோகக் கூடாது. இரண்டு வருஷம் சொல்லிச் சொல்லிப் பதிந்த பாடம் அது. பயத்தோடே காட்டினாள். ஒன்பது. ஏழு. ஐந்து.

மூன்று.

பலகையை அடியிலிருந்து ஏதோ தடவிப் பார்த்தது.

போட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் ஸ்மிதாவுக்குக் காதில் சீழ். சார் கையில் ஸ்டாப் வாட்சுடன் நின்றார்.

"பதிமூணு நிமிஷத்துக்குள்ளே முடிச்சா நாளைக்குக் கொச்சிக்கு நீ. இல்லேன்னா எண்ணூறுக்கு நமக்கு ஆளே இல்லை."

"யாரு எண்ணுவா சார்?"

"ஸ்மிதா உண்டல்லோ. இப்ப வருவா. நீ தொடங்கு."

அவர் காட்டியது ஆறாம் லேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்னும் இரண்டு வருஷம் முழங்காலில்தான். குதித்தாள்.

எதிர்க்கரையை நெருங்கியதும் நீச்சல் கண்ணாடி வழியே பார்த்தாள். தண்ணீருக்குள் பலகை காத்திருந்தது. முப்பத்தொன்று. ஸ்மிதா வந்துவிட்டாள் என்ற நிம்மதியில் கைகள் லேசாயின. எண்கள் சீராக இறங்கின. ஐந்து. மூன்று. அடுத்தது ஒன்று, அதைப் பார்த்ததும் மிச்ச மூச்சையெல்லாம் கொட்டிவிட வேண்டும்.

மூன்று.

ஸ்மிதாவின் விளையாட்டா இது? இன்றைக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் திரும்பினாள்.

மூன்று.

தோள் எரிந்தது. அழுகை வந்தது. எண்ணிக்கை முடியாமல் நின்றால் எல்லாம் வீண். மறுபடி போனாள், மறுபடி வந்தாள்.

மூன்று.

இந்த முறை பலகையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வெளுத்து, ஊறிச் சுருங்கிய விரல்கள்.

அந்தக் கை மேலேயிருந்து வரவில்லை.

சார்தான் அவளை இழுத்து வெளியே போட்டார். "முடிஞ்ச பிறகும் எதுக்கு மக்களே நீந்துனே? விசில் அடிச்சேன்லா? பன்னிரண்டு நாற்பத்தெட்டு. நீதான் போறே."

கதவைத் தள்ளிக்கொண்டு காதில் பஞ்சோடு ஸ்மிதா வந்தாள். "கிழக்கேகோட்டை டிராஃபிக் பிளாக்கிலே மாட்டிண்டுட்டேன்டி. தொடங்கியாச்சா?"

சார் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

அன்று மாலை வலியசாலையில், பத்மஜா தன் வீட்டுக் குளியலறையில் குழாயை மூடிவிட்டு நின்றாள். வாளித் தண்ணீர் அடங்கவில்லை. ஒரு விளிம்பைத் தொட்டுத் திரும்பி, மறு விளிம்பைத் தொட்டுத் திரும்பி, அலைந்துகொண்டே இருந்தது.

பாதியில் விட்டதை முடித்துக் கொடுக்காமல் அது விடாது என்று அவளுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொச்சிக்குப் போகும் பஸ் நீச்சல் கட்டட வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. "கண்ணாடிய மறந்துட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஆறாம் லேனின் முனையில் முழங்காலிட்டாள். பலகையை ஒன்றுக்குப் புரட்டி அமிழ்த்தினாள்.

தண்ணீர் மேடிட்டு வந்தது. தொட்டது. திரும்பி, இதுவரை இல்லாத வேகத்தில் போனது. எதிர்ச்சுவரில் உள்ளங்கை அறைந்தது போல ஒரு சத்தம்.

குளம் அடங்கியது.

இனி போகலாம். பலகையோடு எழுந்தாள்.

"மக்களே, எல்லாரும் ஏறியாச்சு," என்று வெளியே சார் குரல் கொடுத்தார்.

எதிர்க்கரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஆறாம் லேனின் குதிமேடை காய்ந்து கிடந்தது. அதில் ஒரு ஈரப் பாதம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. விரல் நுனிகள் குளத்தைப் பார்த்திருந்தன.

தண்ணீர் தெறித்தது.

பஸ் ஹாரன் அடித்தது. அவள் கையிலிருந்த பலகையின் தகடுகள் ஒவ்வொன்றாகத் தாமே புரண்டு நின்றன.

முப்பத்தொன்று.