எல்லாரும் ஏறியாச்சு

முதலில் அவள் கவனித்தது இருமலைத்தான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பவதாரணி பதின்மூன்றாம் தேதிக் குரலைக் கேட்டாள், பிறகு பாண்டீஸ்வரி காணாமல் போன பதினான்காம் தேதிக் குரலைக் கேட்டாள். "ஏறிட்டேன்" என்கிறாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு சின்ன இருமல் வருகிறது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், ஒரு தூக்குவாளி மூடி தகரத்தில் விழுந்து உருள்கிறது. இரண்டு நாளும் அதே இருமல். அதே சிரிப்பு. அதே இடத்தில் அதே மூடி.

எதிரே பாண்டீஸ்வரியின் மகள் கலையரசி மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தளத்து ஏலக்காய்க் கடையிலிருந்து படியேறி வந்த வாசனை அறை முழுக்க நின்றது.

"அம்மா என்னக்கா சொல்லுது?"

"ஏறிட்டேன்னுதான்."

"அந்த ஒரு சொல்ல வச்சுத்தான் எங்கம்மாவ ஊரே பேசுது. ஜீப்புல ஏறி வந்தவ போடியில எறங்கி எவன்கூடயோ போயிட்டாளாம். மலையில தேடுனவங்க ரெண்டே நாள்ல சோலி முடிஞ்சதுன்னு வந்துட்டாங்க." அவள் அழவில்லை. "எங்கம்மா மலையிலதான்க்கா இருக்கு."

இரண்டு நாள் பொறு, நான் பார்க்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் பவதாரணி கதவைச் சாத்தினாள்.

அந்தக் குரல்களைப் பதியும் செயலியை வடிவமைத்தவள் அவள். போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது தலையை எண்ணமாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறையும் என்ற பயம். அதனால் ஒவ்வொருத்தியும் தன் வாயால் "ஏறிட்டேன்" என்று சொல்வதே வழக்கம். பவதாரணி ஒரு மாதம் அவர்களோடு போய்வந்து, அந்த வழக்கத்தை மாற்றாமல் அப்படியே திரைக்குள் கொண்டுவந்தாள். ஜீப்பின் பின்வாசலில் தொங்கும் போனில் அவரவர் குரல் பதியும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெயருக்குப் பதில் ஆளுக்கொரு படம். குரல் பதிந்தால் படம் பச்சையாகும், எல்லாம் பச்சையானால் "எல்லாரும் ஏறியாச்சு, போகலாம்" என்று டிரைவரின் போன் சொல்லும். பாண்டீஸ்வரி அணிலைத் தேர்ந்தெடுத்தாள். சோதனைக்காகப் பவதாரணியும் தன் குரலைப் பதிந்து, தனக்கு ஒரு குடையை வைத்துக்கொண்டாள்.

"என் கொரல வாங்கி வச்சுக்கிட்டு என்ன தாயி பண்ணுவ? வித்துப்புடாத" என்று பாண்டீஸ்வரி கேலி செய்தாள். காய்க்கறை படிந்த கறுத்த விரல்களால் பவதாரணியின் மணிக்கட்டைப் பிடித்து ஜீப்புக்குள் இழுத்து, "எடம் இருக்கு, வா" என்று தன் பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்தாள். உங்க குரலை உங்களைத் தவிர யாரும் தொடமாட்டாங்கக்கா என்று அன்று சொன்னது பவதாரணிதான்.

ஜெகதீஷ் வந்ததும் இரண்டு பதிவுகளையும் அவனிடம் கேட்கக் கொடுத்தாள். கல்லூரியிலிருந்து கூட வந்தவன். இருவருமாகத்தான் இந்த அலுவலகத்தைத் தொடங்கினார்கள். அவன் முழுவதும் கேட்கவில்லை.

"மழையில கொரல் சரியா பதியல பவா. ஜீப்பு தெனம் அரைமணி நேரம் லேட்டு. எஸ்டேட்டுக்காரங்க கத்துனாங்க. மூணு நிமிஷத்துல கொரல் வரலேன்னா கடைசியாப் பதிஞ்ச பழைய கொரல அதுவே சத்தமாச் சொல்லிக்கிற மாதிரி மாத்திட்டேன்."

"ஏங்கிட்ட கேக்காமயா?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். மாற்றத்தின் விவரம் சின்ன எழுத்தில் பதினெட்டு வரி. கீழே பெரிய பச்சைப் பொத்தான். பவதாரணி ஒப்புதல், காலை எட்டு ஐம்பது.

அவளுக்கு அந்தக் காலை நினைவு வந்தது. தோசைத் துண்டு இடது கைக்கு மாறியது, கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. ஜனங்கள் படிக்கமாட்டார்கள், பச்சையைப் பெரிதாக வை, யோசிக்க விடாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அவன் அதை அவளிடமே செய்து பார்த்திருக்கிறான். தெரிந்துதான் செய்தானா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"அப்ப அந்தக்கா ஏறவே இல்ல. மலையிலயே விட்டுட்டு வந்திருக்காங்க."

"அது ஒனக்கெப்படித் தெரியும்? ஒரு நாள் குடு. எஸ்டேட்ல நானே சொல்லிர்றேன். அப்புறம் நீ போலீஸ்கிட்ட போ."

ஒரு நாள் கொடுத்தாள். பழக்கத்தில் கொடுத்தாள்.

அவன் போன பிறகுதான் அதைப் பார்த்தாள். காணாமல் போன மறுநாளே அணிலைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆனால் அணிலின் பெயரில் பதிவுகள் நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு, பதினேழு. மொத்தம் பதினோரு நாள். எல்லாம் மாலை ஐந்து பன்னிரண்டுக்கு.

பழைய குரல்தான் திரும்பத் திரும்ப ஓடியிருக்க வேண்டும். பதினைந்தாம் தேதியைத் திறந்தாள். சிரிப்பு இல்லை. மூடி விழும் சத்தம் இல்லை. இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டுகிறது, பிறகு "ஏறிட்டேன்", பிறகு இருமல். பத்தொன்பதில் குரல் கம்மியிருந்தது. இருபத்து மூன்றில் சொல்லே இல்லை, யாரோ போனுக்கு மிக அருகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் ஜீப்பில் ஏறினாள். அந்தச் சொட்டும் சத்தம் எங்கே கேட்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இறங்கி வரும்போது எல்லோரையும் ஒன்றாக வைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டிரைவர் சுருளி அவளை முன்சீட்டில் உட்கார வைத்தார். பின்னால் தார்ப்பாய்க்குள் பெண்கள்.

"என்ன தாயி, மறுபடியும் எங்க கொரலு வேணுமா?" என்று பின்னாலிருந்து சுந்தரம்மாள் கேட்டாள். காய் எடுப்பதில் மூத்தவள்.

"சும்மா பாக்கத்தான் வர்றேன் ஆத்தா."

"பாரு, பாரு. அட்டைப்பூச்சி ஒன்னைய நல்லாப் பாக்கும்."

தார்ப்பாய்க்குள் சிரிப்பு. பவதாரணி பாண்டீஸ்வரியின் பேச்சை எடுத்தபோது அது அடங்கியது. "காதால கேட்டோம், ஏறிட்டேன்னு சொன்னா" என்றாள் சுந்தரம்மாள். "ஏறுனவ எங்க போனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆனாலும் சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில், பாண்டீஸ்வரி கடைசியாகக் காய் எடுத்த இடத்தைச் சுந்தரம்மாள் கைநீட்டிக் காட்டினாள். ஓடைக்கு அந்தப்பக்கச் சரிவு. "வெரசா வந்துரு தாயி. மஞ்சு எறங்குது."

பவதாரணி ஓடையைத் தாண்டிப் போனாள். ஏலச்செடிகள் அவளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றன. காய் தரையோடு தரையாகக் காய்க்கும், எடுப்பவள் குத்துக்காலிட்டு உள்ளே போய்விட்டால் வெளியே இலை அசைவதைத் தவிர ஒன்றும் தெரியாது. மண் ஈரமும் அழுகிய தழையும் பச்சைக் காயின் காரமும் கலந்த வாசனை நெஞ்சை அடைத்தது. மூடுபனி மரங்களின் உச்சியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, ஓடையை மூடி, அவள் வந்த தடத்தையும் மூடியது.

தண்ணீர் சொட்டியது. இலையிலிருந்து இலைக்கு. அதே இடைவெளி.

போன் அடித்தது. ஜெகதீஷ்.

"மேலயா இருக்க? சுருளி அண்ணன் சொன்னாரு."

"ஆமா. அந்த மாத்தத்த நிறுத்திட்டியா?"

"நேத்தே நிறுத்திட்டேன் பவா." அவன் குரல் மிக மென்மையாக இருந்தது. பரீட்சைக்கு முந்தைய நாள்களில் அவளுக்குத் தைரியம் சொன்ன அதே குரல். "ஒன் குடையையும் இன்னைக்கு ஜீப்பு லிஸ்ட்ல போட்டுட்டேன். இல்லேன்னா ஒன்னைய விட்டுட்டுப் போயிருவாங்கல்ல. பாத்து வா."

ஒரு நொடி அவனை நம்பினாள்.

மேலே சாலையில் சுருளி ஹாரன் அடித்தார். அவள் திரும்பி நடந்தாள். தடம் இல்லை. செடி. செடி. மறுபடி செடி. மேலே பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறுவது கேட்டது. ஏறிட்டேன். ஏறிட்டேன். சுந்தரம்மாளின் கரகரப்பு, ஏறிட்டேன்.

"இருங்க. இருங்க, வர்றேன்."

பனி அவள் குரலைத் தின்றது. ஒரு நிமிடம். இரண்டு. ஓடையில் கால் வழுக்கி முழங்கால் அடிபட்டது. மூன்று.

"ஏறிட்டேன்."

தெளிவான, கொஞ்சம் சிரிப்பு கலந்த குரல். பின்னணியில் மின்விசிறிச் சத்தம். ஆறு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் பதிந்தது.

அவள் குரல்.

"எல்லாரும் ஏறியாச்சு, போகலாம்."

அவள் பின்னால் இருப்பதாக சுருளி நினைத்துக்கொள்வார். முன்னால் இருப்பதாகப் பெண்கள். யாரும் தலையை எண்ணமாட்டார்கள். ஜீப்பு கியர் மாறி வளைவில் இறங்கியது. அடுத்த வளைவு. பிறகு அதுவும் இல்லை.

ஜெகதீஷை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. ஐந்து பன்னிரண்டு. புதிய பதிவு. திரையில் அணில், மெல்லப் பச்சையாகிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையிருக்கவில்லை.

இருமல் இடது பக்கத்திலிருந்து வந்தது. தரையோடு தரையாக.

இலைகள் விலகின. காய்க்கறை படிந்த கறுத்த விரல்கள், ஈரமாக, குளிர்ந்து, அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் இழுத்தன. உள்ளே யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எடம் இருக்கு தாயி. வா."