இடப்பக்கம் பார்த்தவள்

செவ்வாய்க்கிழமை காலை 9.40.

சுவரில் நான்கு ஊசித் துளைகள் இருந்தன. பக்கத்தில் விளக்கச் சீட்டும் இருந்தது. படம் மட்டும் இல்லை.

அமெரிக்காவில், பெரிய ஏரியொன்றின் கரையிலுள்ள டுலூத் நகரின் மலைச்சரிவில், பழைய பேக்கரிக் கட்டடம் ஒன்றில் அந்தக் கலைக்கூடம் நடந்தது. செவ்வாய்தோறும் பத்து மணிக்குப் பெரியவர்களுக்கான வகுப்பு: கரிக்கோல், வண்ணம், அச்சுப்படம். ஆசிரியர் பிரெஸ்டன் வேல் பாரிஸில் பதினோரு நாள் இருந்தவர். மிச்ச வாழ்நாளை அதைச் சொல்வதற்கென்றே ஒதுக்கிவைத்திருந்தார். அவருடைய கறுப்பு மேலங்கியில் இதுவரை ஒரு துளி மையும் பட்டதில்லை.

"இது சர்வதேசக் கும்பல் வேலை" என்றார் பிரெஸ்டன். இதற்குள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இரண்டு முறை போன் செய்திருந்தார்.

"நம்ம ஊருக்கா?" என்றாள் டாக்னி. "பனி விழுந்தா பால் வண்டியே மேல ஏறி வராது, வாத்தியாரே."

டாக்னி ஹால்வர்சனுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் இதே சரிவில் தபால் பை சுமந்தவள். அவள் வரையும் பேரிக்காய் பூட்ஸ் மாதிரி இருக்கும் என்பதில் வகுப்பில் கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால் அவளுடைய கண் வேறு ரகம். அரை விலாசத்தை வைத்து முழு ஆளைக் கண்டுபிடிக்கும்.

அவள் சுவருக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தாள். நான்கு குண்டூசிகள் ஒரே வரிசையில், ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. பக்கத்தில் மடித்த அட்டைத் துண்டுகள் இரண்டு. அச்சுத்தாளில் கையிலுள்ள மை படாமலிருக்க விரலுக்கும் தாளுக்கும் நடுவே வைத்துப் பிடிக்கும் துண்டுகள் அவை. பின்கதவு உடைக்கப்படவில்லை. பூட்டியிருந்தாலும் கொஞ்சம் தூக்கித் தள்ளினால் திறந்துவிடும் கதவு அது. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

கும்பலுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

காணாமல் போன படத்தின் பெயர் 'ஐலா'. வரைந்தவர் ஆர்வோ ராண்டலா. இரும்புத்தாதுக் கப்பலில் நாற்பத்தொரு வருடம் சமையல்காரர். ஏரி உறையும் இரண்டு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் தண்ணீர்மேல்தான். ஓய்வு பெற்று மனைவி ஐலாவோடு கரையில் சேர்ந்திருந்தது ஒரே ஒரு கோடை. அக்டோபரில் அவள் கண்மூடிவிட்டாள். வீட்டில் அவளுடைய புகைப்படம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் படமெடுப்பவள் அவள்தான். நாய், பனி, தக்காளிச் செடி என்று எல்லாவற்றையும் எடுத்துக் கப்பலுக்கு அனுப்பினாள். தன்னை அனுப்பியதில்லை.

ஜனவரியில் ஆர்வோ வகுப்பில் சேர்ந்தார். பேரிக்காயை வரையத் தெரியாதவன் முகத்தைத் தொடக்கூடாது என்றார் பிரெஸ்டன். ஆர்வோ சரியென்று தலையாட்டிவிட்டு, முகத்தையே வரைந்தார். ஐந்து வாரம் தாளில் யார் யாரோ வந்தார்கள். ஆறாவது வாரம் ஒற்றை அச்சுப் பாடம். பிளாஸ்டிக் தகடு முழுக்க மையைப் பூசி, துணியால் வெளிச்சத்தைத் துடைத்தெடுத்து, மேலே தாளைப் போட்டு ஒரே தடவை உருளையில் விட வேண்டும். ஒரே பிரதிதான் வரும். கெட்டித் தாள் தீர்ந்திருந்ததால் அவருக்குக் கிடைத்தது வெங்காயத் தோல் போன்ற மெல்லிய ஜப்பானியத் தாள். அதில், சமையலறை ஜன்னலோரம் பாதி திரும்பி நிற்கும் ஐலா வந்துவிட்டாள்.

அதே தகட்டை மறுபடி உருளையில் விட்டால் மிச்ச மையில் வெளிறிய நிழல் ஒன்று விழும். அதை வகுப்பில் ஆவி என்பார்கள். ஐலாவின் ஆவியில் ஜன்னல் சட்டமும் ஒரு கன்னத்தின் கோடும்தான் தெரிந்தன. யாரோ ஒருபக்கம் வரைந்து போட்ட தாளில் எடுத்த அது கழிவுத்தாள் அடுக்குக்குப் போனது. தகடு துடைக்கப்பட்டது.

பிரெஸ்டன் கண்காட்சிக்கென்று நூற்று நாற்பது சொற்களில் சீட்டு எழுதினார்: 'அவள் இடப்பக்கம் பார்க்கிறாள். இடம் என்பது இறந்தகாலம். அப்பார்வை பார்வையாளனை மறுக்கிறது...' ஆர்வோ அதை இரண்டு முறை படித்துவிட்டு, இது யாரைப் பற்றி என்று டாக்னியிடம் கேட்டார்.

கலைக்கூடத்தின் புரவலர் திருமதி விட்காம் பார்த்தார், உருகினார், தன் பெயரில் கட்டிய ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு அந்தப் படம்தான் வேண்டுமென்றார். பிரெஸ்டன் ஆர்வோவிடம் கேட்டார். "பரவாயில்ல, எடுத்துக்கட்டும்" என்றார் ஆர்வோ. அந்த ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கடைசித் துண்டுக் கேக் தட்டில் காய்ந்துபோகும், யாரும் எடுக்கமாட்டார்கள்.

வியாழன் நண்பகலில் அந்த அம்மாள் படத்தை எடுத்துப்போக வருவதாக ஏற்பாடு.

"அதுக்குள்ள கிடைக்கலன்னா போலீஸ்" என்றார் பிரெஸ்டன். "பாரிஸ்ல இப்படி நடந்தா..."

"பாரிஸை விடுங்க. நேத்து எத்தனை மணிக்குப் பூட்டினீங்க?"

"அஞ்சு. படம் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"படத்தையா, உங்க சீட்டையா?"

பிரெஸ்டன் யோசித்தார். "...ரெண்டையும்."

காலை 10.05. காபி மேசை. டாக்னி அடுத்து விசாரித்தது கார்லா ஸ்டெங்கலை; ஓய்வு பெற்ற பல் டாக்டர். நான்கு வண்ணத்தில் அவள் அச்சிட்ட கலங்கரை விளக்கம் கழிப்பறைக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தது. திருட்டு தெரிந்த பத்தாவது நிமிடம் அது ஐலாவின் இடத்துக்கு வந்துவிட்டது.

"ஊசியும் ரெடியா இருந்துச்சு. இடத்தை ஏன் வீணாக்கணும்?" என்றாள் கார்லா.

"அந்தப் படத்துல என்ன இருந்துச்சு, சொல்லு."

"ஒரு பொம்பள. இடப்பக்கம் பாத்துட்டு. இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. ஒழுங்கா தையல் போடல."

"பொறாமையா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் நாலு கலர் போட்டேன், டாக்னி. நாலு. அவர் ஒரு கந்தல் துணியை வெச்சுத் துடைச்சார்." கார்லா காபியைக் குடித்தாள். "ஆனா அந்தம்மா யாரையோ எதிர்பாத்துட்டு இருந்தா. என் விளக்குல அது வரல."

ஆர்வோ ஓரத்தில் உட்கார்ந்து பேரிக்காய் வரைந்துகொண்டிருந்தார். தான் சுட்ட ஏலக்காய் ரொட்டியை எல்லோருக்கும் கொண்டுவந்திருந்தார். படத்தைப் பறிகொடுத்தவர் செய்கிற காரியமாக அது டாக்னிக்குப் படவில்லை. ஆனால் ஆர்வோ கப்பலே மூழ்கினாலும் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நீந்துவார்.

"உங்க படம் போனதுல வருத்தமா?"

"என்ன பண்றது. போனது போச்சு."

"ஒரு அடையாளத்துக்குக் கேக்கறேன். படத்துல அவ எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தா?"

"வலப்பக்கம்" என்றார் ஆர்வோ உடனே. "தழும்பு வலது புருவத்துல."

"நிச்சயமா?"

"ஐலாவை எனக்குத் தெரியாதா?"

டாக்னி பேரிக்காயைப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது.

புதன்கிழமை பிற்பகல் 3.15.

டாக்னி தன் பழைய தபால் பாதையில் நடந்தாள். பை இல்லாமல் நடந்தால் தோள் ஒரு பக்கம் லேசாகி உடம்பு சாயும். கீழே ஏரியில் பனிக்கட்டி உடைந்து சாம்பல் நிறத்தில் மிதந்தது. மேலே சரிவில் ஆர்வோவின் வீடு. சமையலறை ஜன்னல் ஏரியைப் பார்த்தது.

அவள் நின்றாள். கண்ணாடியின் உட்புறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பையிலிருந்து குருவி பார்க்கும் தொலைநோக்கியை எடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் அவள் சமையலறை மேசையில் இருந்தாள். ஆர்வோ கேட்காமலே காபி ஊற்றினார். ஜன்னல் பக்கம் அவள் பார்வை போகாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"எடுத்தது நீதான் ஆர்வோ" என்றாள் டாக்னி. வகுப்பில் போட்ட மரியாதை முப்பது வருடக் கடிதங்கள் கொடுத்த வீட்டில் கழன்றுவிட்டது.

ஆர்வோ சர்க்கரையைத் தள்ளிவைத்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

"ஊசியை அப்படி அடுக்கி வெச்சவன் கத்தி கரண்டியை அடுக்கிப் பழகினவன். அது பாதி ஊகம். அட்டைத் துண்டு வெச்சுப் பிடிச்சவனுக்குப் படத்துமேல பாசம். அதுவும் ஊகம்தான். மாட்டினது நீ சொன்ன பதில்ல."

"என்ன சொன்னேன்?"

"வலப்பக்கம்னே. தகட்டுல நீ வலப்பக்கம்தான் வரைஞ்சே, ஆனா அச்சுல எல்லாமே இடம் வலம் மாறும். மொத வகுப்புலயே சொன்னாங்க, நாம யாரும் கேக்கல. அஞ்சு நாள் சுவத்துல அவ இடப்பக்கம் பாத்துட்டுத் தொங்கினா. கார்லா இடதுன்னா. வாத்தியார் இடதுன்னு நூத்தி நாப்பது வார்த்தை எழுதினார். தினமும் வந்து நின்னு பாத்த நீ மட்டும் வலதுன்னே. படத்துல எந்தப் பக்கம்னுதான் கேட்டேன், ஆர்வோ. பொண்டாட்டி எந்தப் பக்கம்னு கேக்கல."

ஆர்வோ தன் கரண்டியைக் கோப்பைக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

"எனக்கும் அந்தப் படம் முதல் நாளே உறுத்துச்சு. பக்கத்து வீட்டுப் பெட்டில போட்ட லெட்டர் மாதிரி. ஐலாவுக்குத் தழும்பு வலது புருவத்துல. வலைக்கதவு இடிச்ச அன்னிக்குக் கட்டோட வந்து பார்சல் வாங்கினா. நீ படத்துலயும் வலதுன்னே. அப்படின்னா அவ வலப்பக்கம் திரும்பின மாதிரி நீ அந்தப் படத்தைப் பாத்திருக்கணும். மெல்லிசுத் தாள். வெளிச்சத்துல பின்பக்கமா பாத்தா எல்லாம் நேராயிடும். இந்த ஊர்ல முப்பத்தொரு வருஷம் ஜன்னலைப் பாத்திருக்கேன். எலக்‌ஷன் நோட்டீஸைத் தவிர எதையும் ஜனங்க முகம் வெளியே தெரியற மாதிரி ஒட்டமாட்டாங்க. நீ இவளை முகம் வெளியே தெரியற மாதிரி ஒட்டியிருக்கே. வீட்டுக்குள்ள இருக்கறவன் தாளோட முதுகைப் பாக்க எதுக்குப் படம்?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

பிற்பகல் வெளிச்சம் தாளுக்குள் ஊறிவந்துகொண்டிருந்தது. ஐலா வலப்பக்கம், துறைமுகக் கால்வாயைப் பார்த்து நின்றாள். தழும்பு அதன் இடத்தில் இருந்தது. டாக்னிக்கு, கையெழுத்துப் போட அவளிடம் பேனாவை நீட்ட வேண்டும்போல இருந்தது.

"சுவத்துல பாக்கறப்ப அவ தங்கச்சி மாதிரி இருந்தா" என்றார் ஆர்வோ. "நல்ல பொம்பளதான். ஆனா ஐலா இல்ல. திங்கக்கிழமை சாயங்காலம் சும்மா எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாத்தேன். அவ வந்துட்டா. அதுக்கப்புறம் எப்படித் திரும்ப மாட்டறது?"

"அந்தம்மா கேட்டப்பவே தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"அவங்க அவ்வளவு ஆசையா கேட்டாங்க."

"உனக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "என் கப்பல் கால்வாய்க்குள்ள வரப்ப அவ இங்கதான் நிப்பா. இந்த விளக்கை ரெண்டு தரம் அணைச்சு அணைச்சுப் போடுவா. நாற்பத்தொரு வருஷம் தண்ணியிலேர்ந்து வெளிச்சத்தைத்தான் பாத்தேன், டாக்னி. அதுக்குப் பின்னால நிக்கற மூஞ்சியை இங்க உக்காந்து பாக்க ஒரே ஒரு கோடைதான் கிடைச்சுது."

டாக்னி காபியை முடித்தாள். "நாளைக்குப் பன்னண்டு மணிக்கு வா. யார்னு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

வியாழன் நண்பகல் 12.00.

திருமதி விட்காம் மென்பட்டுக் கழுத்துத்துணியுடன் வந்தார். பிரெஸ்டன் கலைத் திருட்டின் வரலாற்றைத் தொடங்கி ஹாலந்து வரை போயிருந்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் ஆர்வோ.

பிரெஸ்டன் ஹாலந்திலேயே நின்றுவிட்டார். "அப்ப திருப்பிக் கொண்டுவந்துட்டீங்க இல்லையா?"

ஆர்வோவின் கை தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. "பரவா..." என்று ஆரம்பித்தார். டாக்னி அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். ஆர்வோ மறுபடி ஆரம்பித்தார். "இல்ல. தரமாட்டேன். மன்னிக்கணும். அது என் வீட்டுல இருக்கணும்."

கார்லா கேக்கைக் கீழே வைத்தாள். அந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு வாக்கியம் யாரும் கேட்டதில்லை.

"சட்டப்படி..." என்றார் பிரெஸ்டன்.

"சட்டப்படி அதுல கையெழுத்தே இல்ல" என்றாள் டாக்னி. "பென்சில்ல கையெழுத்துப் போடாத அச்சுப்படம் பட்டறையை விட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னது நீங்க. நீங்க சீட்டு எழுதற மும்முரத்துல அவர்கிட்ட கையெழுத்து வாங்க மறந்துட்டீங்க. கையெழுத்து வேணும்னா இதுல வாங்கிக்கலாம்."

கழிவுத்தாள் அடுக்கிலிருந்து ஆவியை எடுத்து நீட்டினாள். ஒரு ஜன்னல் சட்டம், ஒரு கன்னத்தின் கோடு, மிச்சமெல்லாம் வெண்மை. பிரெஸ்டன் இருமினார். திருமதி விட்காம் அதை நெடுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது.

"இது இன்னும் ஆழமா இருக்கே" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பிரெஸ்டன், சொல்லாதவர்.

ஆர்வோ பென்சிலால் கையெழுத்திட்டார். நூற்று நாற்பது சொற்களும் ஒரு எழுத்து மாறாமல் அதற்கே பொருந்தின. இன்றும் அது ஆஸ்பத்திரிக் கூடத்தில் தொங்குகிறது. அதன் பின்பக்கத்தில் டாக்னியின் பேரிக்காய் ஒன்று இருப்பது அதற்கு மரச்சட்டம் போட்டவனுக்கு மட்டும் தெரியும். அவன் அதைப் பூட்ஸ் என்று நினைத்தான்.

அன்று மாலை 7.20. சூரியன் இறங்கியிருந்தது. பனிக்காலத்துக்குப் பிறகு முதல் கப்பல் கால்வாய்க்கு வெளியே நின்று ஊதியது. கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் கால்வாய்ப் பாலம் திருப்பி ஊதியது. ஊர் பாதி துறைமுகத்துக்கு ஓடியிருந்தது. டாக்னி மட்டும் சரிவுத் தெருவில் நின்று மேலே பார்த்தாள்.

சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாளில் ஐலா ஏரியைப் பார்த்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. சற்று நேரம் அணைந்தே இருந்தது. பிறகு எரிந்தது.