நாற்காலியில் நல்லுசாமி

கம்பு கட்டிய பிரம்பு நாற்காலியில் தூக்கி உட்கார வைத்ததுமே நல்லுசாமி பேச்சை நிறுத்திவிட்டான். அதுவரை பாயில் படுத்துக்கொண்டு மதராஸ் பற்றி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த, மீசை அரும்பும் பிள்ளை. அவன் தாய் கந்தம்மாள் கம்பைப் பிடித்து நிறுத்தினாள்.

“மயில்சாமியண்ணே, இவனப் படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும்னு கொடைக்கானல் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க.”

“உசுரோட இருக்கவனப் படுக்க வச்சுத் தூக்குனா அது பாடை, தாயி. நம்ம பூண்டி ஊருல எவனும் தோள் குடுக்க மாட்டான்.”

மழையில் பாதை சரிந்து ஜீப் மேலே வராது. கீழே ஜீப் நிற்கும் இடம்வரை சுமக்க மயில்சாமியோடு சேர்த்து இந்த நாலு பேரை விட்டால் ஆளும் கிடையாது. மகனின் இதயத்துக்குள் கொழகொழவென்று ஒரு கட்டி தொங்குகிறது, புற்றுநோய் இல்லை, மதராஸில் வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வான், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அது சரிந்து ரத்தத்தின் வழியை அடைக்கும் என்று டாக்டர் விளக்கியதையெல்லாம் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள். உதட்டிலும் இமையிலும் எள் தூவியது போன்ற மச்சங்களோடு பரம்பரையாக வருவதாம். அதே மச்சமுள்ள இவன் அப்பா சின்ன வயதிலேயே, சாப்பிட உட்கார்ந்தவர் பிறகு எழவே இல்லை. சுவரிடம் சொல்லியிருந்தாலாவது கேட்டிருக்கும்.

சோலைக் காட்டுக்குள் நுழைந்ததும் பட்டப்பகலிலேயே மூடுபனியாய் மஞ்சு இறங்கி, முன்னால் போகிறவர்களின் கால்களை விழுங்கி, பிறகு தோள்களையும் விழுங்கி, இலை மக்கும் ஈர வாடையையும் பிரம்பு நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தையும் மட்டும் அவளுக்கு மிச்சம் வைத்தது.

“ஏலே நல்லு.”

கிறீச். கிறீச். தலை தொங்கியது.

“இறக்குங்கண்ணே!”

இறக்கினார்கள். மயில்சாமி மூக்கருகே விரல் வைத்தார். நாடி பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்தார்.

“முடிஞ்சிருச்சு தாயி.”

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாற்காலியின் கம்புகளை உருவினார்கள், கம்பளியைக் கட்டினார்கள், அவனை நீட்டிப் படுக்க வைத்தார்கள். இதைத்தானே விடிஞ்சதுலேருந்து கெஞ்சினேன் பாவிகளா என்று கத்த நினைத்தாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அவன் கையை எடுத்து மார்பில் வைத்தாள். அது அவள் விரலைப் பிடித்தது.

கறுத்த உதடு மெல்லச் சிவந்தது.

“அம்மா… இப்பத்தான் மூச்சு வருது.”

நால்வரும் அலறி ஓடுவார்கள் என்று நினைத்தாள். ஓடவில்லை. மயில்சாமிக்குக் கண் கலங்கியது.

“முருகா! புள்ளைக்கு உசுரு இருக்குடா! உசுருள்ளவன் பாடையில கெடக்கலாமா? வெரசாத் தூக்குங்கடா!”

“வேணாம். கெடக்கட்டும். வேணாம்ணே!”

குறுக்கே விழுந்தாள். அன்போடுதான் விலக்கினார்கள். எட்டுக் கைகள். கம்புகள். நாற்காலி. சாயாதபடி நெஞ்சையும் நெற்றியையும் துண்டால் கட்டினார்கள்.

அவன் அவளையே பார்த்தான். வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

ஓடினார்கள். கூடவே ஓடினாள். துண்டின் கட்டை அவிழ்க்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. மஞ்சின் நீர் அவன் திறந்த கண்களில் துளித்துளியாகச் சேர்ந்தது. இமைக்கவில்லை.

“பயப்படாதீங்க தாயி,” மயில்சாமி மூச்சிரைக்கச் சிரித்தார். “புள்ள நல்லா நிமிந்து உக்காந்திருக்கான்.”