ஐந்து மணி ஹீட்டர்

'டிக்' என்றது பிளக்கு.

வீரம்மாள் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். சுவரில் செருகியிருந்த வெள்ளைப் பிளக்கில் நீலப் பொட்டு எரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டரின் கம்பிகள் மெல்லச் சிவந்தன. மணி ஐந்து. மலைமேல் இருக்கும் பூண்டியில் அந்த நேரத்துக் குளிர் லேசுப்பட்டதில்லை. பூண்டுக் காட்டுக்குப் போகிற ஆம்பளைகளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்கள்.

மற்ற நாளாக இருந்தால், "எந்திரிச்சிட்டியாய்யா மனோஜு? வெறும் வயித்தோட கடைக்குப் போகாத, என்ன?" என்று அந்த நீலப் பொட்டிடம் கேட்டிருப்பாள். இன்றைக்கு வாய் வரவில்லை. எல்லாம் அந்த வடிவு பண்ணிய வேலை!

"யக்கா, நீ ஒரு வெவரங்கெட்டவ. அது டைமருக்கா! ஒரு தடவ செட் பண்ணி விட்டாப் போதும், வருசம் பூரா அதுவா எரியும், அதுவா அமரும். உம் மயன் பழனியில உக்காந்து தெனமும் அமுக்குறானாக்கும்! அவனுக்கு வேற சோலி இல்ல பாரு..."

பக்கத்து வீட்டுக்காரி நேற்றுச் சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொன்னவளுக்கு என்ன, தூங்கியிருப்பாள். கேட்டவள்தான் ராவெல்லாம் முழித்துக் கிடந்தாள்.

வீட்டுக்காரர் குழந்தைவேல் போய்ச் சேர்ந்து நாலு வருசம். ஒரே மகன் மனோஜ்குமார், பழனி அடிவாரத்தில் மாமனார் வீட்டோடு கடை பார்க்கப் போய் இரண்டு வருசம். மாதம் ஒரு போன் வரும். "நல்லாருக்கியாம்மா? கடையில ஆளு நிக்கிது, வச்சிர்றேன்." அவ்வளவுதான். கிளம்பும்போது பிளக்கு மாட்டிவிட்டுப் போன இந்த ஹீட்டரும் வாசல் லைட்டும் மட்டும்தான் அவளோடு தினமும் பேசின. காலையில் ஹீட்டர், பொழுது சாய்கையில் லைட்டு. போனில் ஒரு தட்டுத் தட்டினால் எந்த ஊரிலிருந்தும் எரியுமாமே! மகன் வாயால் பேசாவிட்டால் என்ன, விரலால் பேசுகிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவானோ என்று கேட்கவும் இல்லை.

டைமராம்! போன மார்கழியில் உறைபனி கொட்டிய வாரம் நாலு மணிக்கே எரிந்ததே? டைமருக்குக் குளிருமா?

ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. வெடுக்கென்று எழுந்தாள். பிளக்குக்கு மேலே இருந்த சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். நீலப் பொட்டு செத்தது. அதோடு விட்டாளா? போனையும் அமர்த்தி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

"எனக்குன்னு ஆளு இருக்கா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரட்டும்!"

அன்றைக்குக் காட்டுக்குப் போகவில்லை. உலையும் வைக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்து, மூடுபனி வீட்டுக்குள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பத்து மணி பஸ் வந்தது, யாரும் இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் உரமூட்டைதான் இறங்கியது. வடிவு சொன்னதுதான் நிஜம் என்று தோன்ற ஆரம்பித்தது. இரண்டு வருசமாக ஒரு மெசினோடு பேசியிருக்கிறாள்!

இரண்டு மணி பஸ் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. யாரோ ஓடி வந்தார்கள்.

"அத்தே... அத்தே!"

வாசலில் நின்றவள் ஜெயப்பிரியா. மருமகள்! ஸ்வெட்டர் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. மலையேறும் வளைவெல்லாம் வாந்தி எடுத்து முகம் வெளுத்துக் கிடந்தது. மாமியாரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கீங்க?" என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வீரம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது.

"நீ எதுக்குடி வந்த? எம் மயன் எங்க?"

"கரண்டு கட்டுன்னா லைட்டும் ஹீட்டரும் சேந்து போயிரும் அத்தே. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போட்டுட்டு மறுபடி போனப் பாத்தா, ஹீட்டர் மட்டும் செத்துக் கெடந்துச்சு. திரும்பத் திரும்ப அமுக்குறேன், எரியல. உங்களுக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃபு. வடிவக்காளும் எடுக்கல. எனக்கு... எனக்கு என்னென்னமோ தோணிருச்சு அத்தே!"

"நீ... நீயா அமுக்குன?"

மருமகளின் தலை கவிழ்ந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே மாதிரிதான் தலைகவிழ்ந்து நின்றாள். "எனக்குக் குளிரு ஒத்துக்கல அத்தே, நாந்தான் போயிருவோம்னேன்" என்றாள். அன்றைக்கு வீரம்மாள் சொன்ன சொல் கொஞ்சமா? "வீட்டுக்கு வெளக்கேத்த வந்தவன்னு நெனச்சேன், அணைச்சிட்டுப் போறவடி நீ! இனி இந்த வாசப்படிய மிதிக்காத!"

வீரம்மாள் தடுமாறி எழுந்து அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். போனுக்கு உயிர் வந்ததும் மணி அடித்தது. மனோஜ்தான்.

"என்னம்மா, போன ஏன் அமத்தி வச்ச? இந்த ஜெயா கிறுக்கி ஏதோ பிளக்கு செத்துப்போச்சுன்னு வெள்ளனே சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிட்டா..."

"ஏய்யா... தெனமும் ஹீட்டர் போடுறது நீ இல்லையா?"

"நானா? எந்த ஹீட்டர்? அந்தப் பிளக்கு இன்னுமா ஓடுது? அதெல்லாம் அவ வச்சதும்மா. அவளுக்குத்தான் அந்த வீட்டு மேல பைத்தியம். அன்னிக்கே அத்தையோட இருப்போம்னு அழுதா. பூண்டோட மாரடிக்க என்னால ஆகாதுன்னு நாந்தான் இழுத்துட்டு..."

சட்டென்று நிறுத்தினான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்துவிட்டது.

"வச்சிருய்யா," என்றாள் வீரம்மாள். குரலில் கோபம் இல்லை. அழுகைகூட இல்லை. வெறிச்சென்று இருந்தது.

மருமகள் பக்கம் திரும்பினாள்: "அவஞ் செஞ்சதுக்கு நீ ஏண்டி பழிய ஏத்துக்கிட்ட?"

"ஒத்தப் புள்ள. அவரு வேணாம்னு போனாருன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க அத்தே. நான் வந்தவதான? என்னையத் திட்டித் தீத்துக்கிட்டா மனசு ஆறிரும்னு..."

"இந்த ஹீட்டரு போடுறது நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாவி மகளே!"

"சொல்லியிருந்தா பிளக்கப் புடுங்கி வீசியிருப்பீங்க. பெறகு குளிருல கெடப்பீங்க."

உண்மைதான்! செய்திருப்பாள். அது தெரிந்தபோதுதான் வீரம்மாளுக்கு உடைந்தது. மூடுபனியில் நனைந்த சேலையோடு இருந்த மருமகளை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். "என்னையப் பெத்த தாயி... ஒன்னப் போயி..." மேலே சொல்ல அழுகை விடவில்லை.

பொழுது சாய்ந்தது. பழக்க தோசம், ஜெயப்பிரியாவின் கை போனை எடுத்தது. வீரம்மாள் தடுத்தாள்.

"போனு வேணாம். எந்திரிச்சுப் போயி உங் கையால லைட்டப் போடு. அப்பிடியே சாமி வெளக்கையும் ஏத்து தாயி."

மருமகள் விளக்கேற்றும்போது வீரம்மாள் உள்ளே போய், காலையில் அணைத்த சுவர் சுவிட்சைத் திரும்பப் போட்டாள்.

இரவு இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். விடியுமுன் எங்கோ போன் அலாரம் கிணுகிணுத்தது. வீரம்மாள் கண் விழித்தாள். பக்கத்தில் படுத்திருந்த மருமகள் கண்ணைத் திறக்கவே இல்லை. கை மட்டும் தலையணைக்கடியில் துழாவி, போனை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, அப்படியே விழுந்தது.

'டிக்' என்றது பிளக்கு.

ஹீட்டர் வெளிச்சத்தில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் வீரம்மாள். இரண்டு வருசம்... ஒரு நாள் விடாமல் இந்தப் பிள்ளை இப்படித்தான் எழுந்திருக்கிறது! தன் போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினாள். போனை மெதுவாக விரல்களிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"தூங்குடா. இனி நான் எந்திரிச்சுக்கிறேன்."